'ட்ரெடிஷனல்'னா எந்த ஊர்க்காரரு?

போன வாரம் அரியர் புராணம் பாடி உங்களை அழ வெச்சதுக்கு முதல்ல ஒரு ஸாரி! இந்த வாரம் நிஜமாவே பாட்டு. கடைசியில கொஞ்சம் சீரியஸான மேட்டர் ஒண்ணு இருக்கு. அதனால பாதியில எழுந்து கேன்டீனுக்கு ஓடிடாதீங்க, பாஸ்!

ஒரு சின்னக் கேள்வி. உங்க ஹாஸ்டல்ல கிடார் வெச்சிருக்கிற பையன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். ஒன்பது பாட்டுக்கு முதல் வரி மட்டும் வாசிப்பான். பக்கத்து டிபார்ட்மென்ட்ல குயில் மாதிரி பாடுற பொண்ணு ஒருத்தி இருப்பா. கடைசி பெஞ்ச்சைத் தட்டியே கச்சேரி நடத்துற மாமு ஒருத்தன் இருப்பான். இவங்க மூணு பேரும் ஒண்ணா சேர்ந்து ஒரு முழுப் பாட்டு பண்ணி நீங்க பார்த்திருக்கீங்களா? மாட்டீங்க. பேஸ் கிடாருக்கு ஆள் இல்லை, டிரம்ஸ் இல்லை, டைம் டேபிள் ஒத்துவரலைனு வருஷா வருஷம் கல்ச்சுரல்ஸ் வரைக்கும் இழுத்து, கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு பென் டிரைவ்ல கரோக்கி போட்டுப் பாடிட்டுப் போயிடுவாங்க.

எங்க திருவண்ணாமலையில இசைக்குப் பஞ்சமே இல்லை. விடிஞ்சா கோயில்ல தேவாரம், பௌர்ணமின்னா 14 கி.மீ. கிரிவலம் முழுக்க பஜனை, செங்கம் ரோட்டுப் பக்கம் டீக்கடையில ஒரு வெளிநாட்டுக்காரர் புல்லாங்குழலோட உட்கார்ந்திருப்பார். ஆனா எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு மிருதங்கம், ஒரே ஒரு பேஸ் கிடார். என் வயசுல, என் நேரத்துக்கு வாசிக்கிற ஆள் ஊர்ல யாரும் சிக்கலை. கடைசியில மிருதங்கம் கனடாவுல கிடைச்சுது. பேஸ் கிடார் பிரேசில்ல!

கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல, இப்படி ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்க்காமலே பாட்டு பண்றது எப்படி ஆரம்பிச்சுதுன்னு கொஞ்சம் ஹிஸ்டரி கிளாஸ். (அட்டெண்டன்ஸ் உண்டு!)

ஆர்குட் அண்ணன்கள்

ஆர்குட்னு ஒண்ணு இருந்துச்சு. 2004-ல் கூகுள் ஆரம்பிச்சு, 2014-ல் மூடின சமூக வலைதளம். எனக்கெல்லாம் அது 'எங்க அண்ணன் காலத்துச் சமாச்சாரம்'. அந்த ஆர்குட்லதான் ரெண்டு பசங்க ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேருக்கும் ஹிப் ஹாப் பைத்தியம். ஒருத்தர் கோவை ஆதி, இன்னொருத்தர் ஜீவா. ஆமா, அதே ஹிப்ஹாப் தமிழாதான்! 2012-ல் அவங்களோட 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் வந்துச்சு, 2015-ல் 'ஆம்பள' மூலமா சினிமாவுக்கு இசையமைப்பாளர்கள் ஆனாங்க. ஆதியும் நம்ம கேஸ்தான், இன்ஜினீயரிங் படிச்சவர். இந்த இடத்துல 'அப்போ நானும்...'னு உங்க மனசுல ஒரு பல்ப் எரியுதா? எரியட்டும், எரியட்டும். ஆனா இன்டர்னல் மார்க்கையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க!

அதுக்கு முன்னாடியே, 2006-ல் மலேசியாவுலேர்ந்து யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தைப் போட்டு, தமிழ் ராப்னா என்னன்னு தமிழ்நாட்டுக்கே காட்டிட்டுப் போனாங்க. கோலாலம்பூர், கோவை, டொராண்டோ, யாழ்ப்பாணம்னு சிதறிக் கிடந்த பசங்களுக்கு இடையில பாலமா இருந்தது இன்டர்நெட்தான்.

உலக லெவல்ல பார்த்தா இன்னும் பிரமாண்டம். 2008-ல் 'ப்ளேயிங் ஃபார் சேஞ்ச்' குழு வெளியிட்ட 'ஸ்டாண்ட் பை மி' வீடியோவைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவுல ஒரு தெருப் பாடகர் பாடுறார். அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் பாடுறார். அதைக் கேட்டு வேற நாட்டுல ஒருத்தர் வாசிக்கிறார். யாரும் யாரையும் சந்திக்கலை, பாட்டு மட்டும் ஒரே பாட்டு. அந்த வீடியோவுக்கு ரெக்கார்டிங் குழுவே ஊர் ஊரா மைக்கைத் தூக்கிட்டுப் போச்சு.

அடுத்த வருஷமே மைக்கைத் தூக்கிட்டு யாரும் போகத் தேவையில்லைன்னு ஆயிடுச்சு. 2009-ல் இஸ்ரேலைச் சேர்ந்த குட்டிமான், முன்பின் தெரியாதவங்க யூடியூப்ல போட்ட வீடியோக்களை வெட்டி ஒட்டியே 'த்ரூ யூ'ன்னு ஒரு ஆல்பம் பண்ணினார். அதே 2009-ல் ஒரு ரசிகை, எரிக் விட்டேக்கர் என்கிற அமெரிக்க இசையமைப்பாளரோட பாட்டுல தன்னோட பகுதியை மட்டும் வீட்ல உட்கார்ந்து பாடி யூடியூப்ல ஏத்தினாங்க. அதைப் பார்த்த எரிக்குக்குப் பொறி தட்டுச்சு. 'ஆளாளுக்கு உங்க பகுதியைப் பாடி அனுப்புங்க, நான் சேர்க்குறேன்'னார். 2010-ல் வந்த முதல் பாட்டுல 12 நாடுகள்லேர்ந்து 185 பேர். 2020-ல், ஊரே லாக்டவுன்ல கிடந்தப்ப வந்த பாட்டுல 129 நாடுகள்லேர்ந்து 17,572 பேர்! அத்தனை பேரும் தொழில்முறைப் பாடகர்களா? இல்லவே இல்லை. பாத்ரூம்ல பாடுற நம்ம ஜாதிக்காரங்களும் அதுல நிறைய.

வீடியோ கால் போட்டு ஒண்ணா பாடினா என்ன?

இங்கேதான் நம்ம சிலபஸ் உள்ளே வருது. 'எதுக்குப் பதிவு பண்ணி, அனுப்பி, ஒட்டிக்கிட்டு... வீடியோ கால் போட்டு ஒண்ணா பாடிடலாமே'ன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஒருநாள் ராத்திரி கிளாஸ்மேட் கூட வீடியோ கால்ல ஒரு பாட்டு பாடிப் பார்த்தேன். பல்லவி முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் ஆமை வேகத்துக்கு வந்துட்டோம். அவன் எனக்காகக் காத்திருக்கான், நான் அவனுக்காகக் காத்திருக்கேன். 'பஹ்லே ஆப்' கதைதான்!

காரணம் சிம்பிள். ஃபைபர் கேபிளுக்குள்ள ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நடுவுல நேர்க்கோட்டுலயே 13,000 கி.மீ.க்கு மேல. வகுத்துப் பாருங்க, ஒரு பக்கம் போகவே குறைஞ்சது 65 மில்லி செகண்ட். கேபிள் நேர்க்கோட்டுல போறதில்லை, கடலுக்கடியில சுத்திச் சுத்திப் போகும். வழியில இருக்கிற ரூட்டர்கள், உங்க லேப்டாப்போட சவுண்ட் கார்டு எல்லாம் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக்கும். நான் தட்டின தாளம் அவருக்குப் போய், அதுக்கு அவர் வாசிச்சது எனக்குத் திரும்பி வர்றதுக்குள்ள 200 மில்லி செகண்ட் சாதாரணமா தாண்டிடும்.

'அட, 200 மில்லி செகண்ட்தானே'ன்னு அலட்சியமா நினைக்காதீங்க. நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்துல ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல இருக்கிறதே 500 மில்லி செகண்ட்தான். அதுல ஐந்துல ரெண்டு பங்கு கேபிள்லயே காலி!

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல கிறிஸ் சேஃப் குழு இதை சூப்பரா சோதிச்சாங்க. ரெண்டு ரெண்டு பேரா தனித்தனி அறையில உட்கார வெச்சு, ஒருத்தர் கைதட்டலை இன்னொருத்தருக்கு வேணும்னே லேட்டா கேட்க வெச்சாங்க. லேட் கூடக் கூடத் தாளம் மந்தமாச்சு. ரொம்பக் குறைச்சா தாளம் ஓட ஆரம்பிச்சுது. நடுவுல சுமார் 11.5 மில்லி செகண்ட்ல தாளம் அப்படியே நின்னுச்சு. முடிவு வந்தது 2004-ல். ஒலி காத்துல நொடிக்கு 343 மீட்டர் போகும்ங்கிற கணக்குல 11.5 மில்லி செகண்ட்னா எவ்வளவு தூரம்? சுமார் நாலு மீட்டர். மேடையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்து உட்கார்ந்து வாசிக்கிற தூரம், அவ்வளவுதான்!

நம்பலைன்னா எங்க ஊருக்கு ஒரு பௌர்ணமிக்கு வாங்க. கிரிவலத்துல நூறு பேர் பஜனை பாடிக்கிட்டே போவாங்க. முன்னால போறவங்களுக்கும் கடைசியில வர்றவங்களுக்கும் நடுவுல ஒரு முப்பத்தஞ்சு மீட்டர் ஆனா போதும், ஒலி வர்றதுல 100 மில்லி செகண்ட் லேட். முன்வரிசை ஒரு வரியில இருக்கும், பின்வரிசை இன்னும் பழைய வரியிலயே இழுத்துக்கிட்டு வரும். இதுக்கு இன்டர்நெட்டே தேவையில்லை!

தாளத்துக்குள்ள ஒளிஞ்சிருந்த விடை

சரி, ஒளியோட வேகத்தை நாம கூட்ட முடியாது. என்ன பண்றது? ரெண்டு வழி.

முதல் வழி, கிட்டத்துல இருக்கிறவங்களோட வாசிக்கிறது. ஜாமுலஸ், சோனோபஸ், ஜாக்ட்ரிப் மாதிரி மென்பொருள்கள் இருக்கு. வீடியோ கால் மாதிரி இல்லாம, தாமதத்தைக் குறைக்கிறதையே முதல் வேலையா வெச்சு எழுதினது. சென்னையும் வேலூரும் நல்ல கனெக்‌ஷன் இருந்தா சமாளிக்கலாம். டொராண்டோன்னா, ஸாரி பாஸ்.

ரெண்டாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வின்ஆம்ப் பிளேயரை உருவாக்கின ஜஸ்டின் ஃப்ராங்கல், 2005-ல் 'நின்ஜாம்'னு ஒண்ணு கொண்டுவந்தார். அவர் ஐடியா என்னன்னா, 'லேட்டைக் குறைக்க முடியலையா? வேணும்னே இன்னும் கூட்டு!' எட்டு தட்டோ பதினாறு தட்டோ ஒரு சுற்றுன்னு வெச்சுக்கணும். இந்தச் சுற்றுல நீங்க வாசிக்கிறது மத்தவங்களுக்கு அடுத்த சுற்றுலதான் கேட்கும். அவங்க வாசிக்கிறது உங்களுக்கும் அப்படித்தான். ஆனா கேட்கிறது எப்பவும் தாளத்துல கச்சிதமா வந்து உட்காரும். ஏன்னா, லேட் ஆனது சரியா ஒரு முழுச் சுற்று!

இதைப் படிச்சப்ப எனக்குத் தனி ஆவர்த்தனம்தான் ஞாபகம் வந்துச்சு. மிருதங்கக்காரர் ஒரு ஆவர்த்தனம் வாசிப்பார். கடம் அதைக் கேட்டுட்டு அடுத்த ஆவர்த்தனத்துல பதில் சொல்லும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், முடிஞ்சதும் திரும்ப ஒண்ணாவது அட்சரம். சுத்திச் சுத்தி வர்ற தாளக் கணக்கு நம்ம ரத்தத்துலயே இருக்கு. கார்டு மாறிக்கிட்டே போற மேற்கத்திய பாட்டுக்காரங்க 'நின்ஜாம்'ல கொஞ்சம் திணறுவாங்க. ஒரே ராகத்துல நின்னு தாளத்தைச் சுத்துற நமக்கு அது ஊர்த் திண்ணை மாதிரி!

இது ரெண்டும் வேணாம், நிதானமா பண்றேன்னு சொல்றவங்களுக்கு இருக்கவே இருக்கு ஃபைல் அனுப்புற முறை. ஒருத்தர் பதிவு பண்ணி அனுப்பணும், அடுத்தவர் அதைக் கேட்டு மேலே தன்னோடதைப் பதிவு பண்ணணும். இலவச 'ஆடாசிட்டி' இருந்தா போதும். சிங்கப்பூர்லேர்ந்து வர்ற 'பேண்ட்லேப்'னா போன்லயே வேலை முடிஞ்சுது. அதுக்கு 10 கோடிப் பயனாளர்கள் சேர்ந்துட்டாங்கன்னு 2024-ல் அந்த நிறுவனமே சொல்லுச்சு.

யோசிச்சுப் பார்த்தா இதுவும் எங்க ஊருக்குப் புதுசில்லை. அருணகிரிநாதர் எங்க ஊர்க்காரர்னுதான் சொல்வாங்க. பதினைந்தாம் நூற்றாண்டுல அவர் பாடின திருப்புகழ் ஓலைச்சுவடியா ஊர் ஊரா சிதறிக் கிடந்துச்சு. அதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில அச்சாக்கினவர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை. அருணகிரியார் போட்ட மெட்டு நம்ம கைக்கு வரலை. ஆனா சந்தம் அப்படியே வந்து சேர்ந்துச்சு. அதை வெச்சு இன்னைக்கும் ஆளாளுக்கு ஒரு ராகத்துல பாடுறாங்க. அதாவது, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே அவர் தாளத்தைப் பத்திரமா பதிவு பண்ணி நமக்கு ஃபைல் அனுப்பிட்டார்!

தாத்தாவும் நாலரை நிமிஷமும்

இப்ப என் கதை. எங்க தாத்தா நாதஸ்வரக் கலைஞர். போளூர், செங்கம் பக்கமெல்லாம் கல்யாணம், கோயில் திருவிழான்னு நாற்பது வருஷத்துக்கு மேல வாசிச்சவர். இப்ப மூச்சு இளைப்பு. டாக்டர் 'போதும், நிறுத்துங்க'ன்னு சொல்லிட்டார். தாத்தா நிறுத்தலை. காலையில சீவாளியை நனைச்சு வெச்சுக்கிட்டு பத்து நிமிஷம், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷமும் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. போன கார்த்திகையில அது ஆறு நிமிஷம்.

'இதைப் பிடிச்சு வெச்சுக்கணும்டா'ன்னு எனக்குத் திடீர்னு ஒரு பயம். போனை அவர் எதிர்ல வெச்சேன். நாயனத்துச் சத்தத்துக்கு மைக் அலறி, பதிவெல்லாம் கரகரன்னு உடைஞ்சு போச்சு. அடுத்த தடவை போனைத் திண்ணையில வெச்சுட்டு அவரை உள்கூடத்துல வாசிக்கச் சொன்னேன், ஓரளவு வந்துச்சு. தாளத்துக்கு மெட்ரோனோம் போட்டு ஒரு காதுல இயர்போன் மாட்டி விட்டேன். பிடுங்கிப் போட்டுட்டார். "நான் தாளத்தோட வாசிப்பேன்டா, கடிகாரத்தோட வாசிக்க மாட்டேன்!" கடைசியில பாட்டி ஜால்ரா தட்ட, தாத்தா கம்பீர நாட்டையில வாசிச்சார். நடுவுல ரெண்டு இடத்துல நிறுத்தி மூச்சு வாங்கினார். மொத்தம் நாலரை நிமிஷம். பின்னால கிளிச் சத்தம், ஒரு பஸ் ஹாரன், 'மோர் மோர்'னு ஒரு குரல். எல்லாம் ஃப்ரீ!

அதை நெட்ல இப்படிப் பாட்டு சேர்க்கிறவங்க கூடுற இடத்துல ஏத்தினேன். பௌர்ணமி அன்னைக்கு ஏத்த முயற்சி பண்ணினது என் முட்டாள்தனம். ஊர்ல லட்சக்கணக்குல ஜனம், சிக்னல் எங்கிருந்து வரும்? ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஏறுச்சு. ஒரு வாரத்துல ஒரு பதில். யாழ்ப்பாணத்துல பிறந்து கனடாவுல இருக்கிற ஒரு அண்ணன், வேலை முடிஞ்ச நேரத்துல மிருதங்கம் வாசிக்கிறவர். "தம்பி, உங்கட தாத்தா வாசிச்சது நெஞ்சைத் தொட்டிட்டுது. நான் மிருதங்கம் போடட்டோ?"ன்னு கேட்டிருந்தார். போட்டு அனுப்பினார். கேட்டா, தாத்தா திடீர்னு வேகமா, கீச்சுக் குரல்ல வாசிக்கிறார்! ரெண்டரைக் கட்டை நாயனம் நாலு கட்டைக்குத் தாவிடுச்சு. ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். அப்புறம்தான் புரிஞ்சுது. நான் பதிவு பண்ணினது 44.1 கிலோஹெர்ட்ஸ், அவர் மென்பொருள் அதை 48-ன்னு எடுத்துக்கிச்சு. சிக்னல் ப்ராசஸிங் பேப்பர்ல சாம்ப்ளிங் கேள்வியை சாய்ஸ்ல விட்டுட்டு வந்தவன் நான். அந்தப் பாவம் சும்மா விடுமா?

சரி பண்ணினோம். பிரேசில்லேர்ந்து ஒரு பேஸ் கிடார் வந்து ஒட்டிக்கிச்சு. அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது. மூணு பேரும் பேசிக்கிட்ட ஒரே பாஷை, 'இன்னொரு தடவை'. தாத்தா மூச்சு வாங்கின ரெண்டு இடத்தையும் அந்தக் கனடா அண்ணன் வெட்டலை. அந்த இடைவெளியில மிருதங்கத்தை மட்டும் மெதுவா பேச விட்டிருந்தார். தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நான் மூச்சு விடுற இடத்துல எவனோ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்டா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

ட்ரெடிஷனல்!

இங்கேயே முடிச்சிருந்தா இது ஃபீல் குட் கதை. ஆனா முடியலை.

ரெண்டு மாசம் கழிச்சு, யாரோ ஒருத்தர் போட்ட குட்டி வீடியோவுல பின்னணி இசையா எங்க தாத்தா! நல்லாத்தான் இருந்துச்சு, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கீழே பார்த்தா மிருதங்கக்காரர் பேர் இருக்கு, பேஸ் கிடார்க்காரர் பேர் இருக்கு. நாதஸ்வரம்ங்கிற இடத்துல மட்டும் 'ட்ரெடிஷனல்'னு போட்டிருந்துச்சு.

தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, நிஜமாவே தெரிஞ்சுக்கிற ஆர்வத்தோட கேட்டார்: "ட்ரெடிஷனல்னா யாருடா? எந்த ஊர்க்காரரு?"

எனக்குச் சிரிப்பு வரலை, பாஸ்.

அந்த ஆள் மேல கோபப்பட்டு ஒரு நீளமான மெசேஜ் எழுதினேன். அனுப்பறதுக்கு முன்னாடி, நான் முதல்ல ஏத்தின ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஃபைல் பேர் 'நாயனம்_ஃபைனல்_2'. விவரம் எழுதுற இடத்துல 'கோயில் மியூசிக், யார் வேணும்னாலும் யூஸ் பண்ணிக்கலாம்'. தாத்தா பேர்? எங்கேயும் இல்லை! மத்த ரெண்டு பேரும் தங்கள் பேரைத் தாங்களே போட்டுக்கிட்டாங்க. தாத்தாவுக்குப் போட வேண்டிய ஆள் நான். நான் போடலை. அந்த மெசேஜை அழிச்சேன்.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமில்லை. 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகத்தையே ஆட்டி வெச்சுது. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில பாடகி தீ-யும் ஷான் வின்சென்ட் டி பால்-ம் இருந்தாங்க, அந்தப் பாட்டை எழுதிப் பாடின அறிவு இல்லை. 'அறிவு எங்கே?'ன்னு இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையா கேட்டார். ஊரே கேட்டுச்சு. அப்புறம் அறிவு படத்தோட ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. அவ்வளவு பெரிய பாட்டுக்கே ஊர் கூடிக் கேட்க வேண்டியிருந்துச்சு. நாலரை நிமிஷ நாயனத்துக்கு யார் கேட்பாங்க? நாமதான் கேட்கணும். அதைவிட முக்கியம், நாமதான் முதல்லயே எழுதணும்.

இதுக்கு வழியும் இருக்கு. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள்னு 2002-லேர்ந்து இருக்கு. 'யார் வேணும்னாலும் எடுத்துக்கோ, ஆனா என் பேரைச் சொல்லு'ங்கிறது அதுல ஒரு வகை. 2004-ல் ஆரம்பிச்ச 'சிசிமிக்ஸ்டர்' இந்த உரிமங்களை நம்பியே ஓடுது. ஒருத்தர் பாடினதை எடுத்து இன்னொருத்தர் பாட்டாக்கினா, யார்கிட்டேர்ந்து எடுத்தார்ங்கிற விவரமும் அது கூடவே போகும்.

ஆரம்பிக்கப் போறீங்களா? ஆறு பாயின்ட்!

1. சுருதியும் வேகமும் முதல்ல முடிவு பண்ணுங்க. எத்தனை கட்டை, நிமிஷத்துக்கு எத்தனை தட்டு. இது தெரியாம ஃபைல் அனுப்புறது, அளவு சொல்லாம டெய்லர்கிட்ட துணி கொடுக்கிற மாதிரி.

2. பதிவு பண்ணும்போது வயர் இருக்கிற ஹெட்போன். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம், அதுலயே நூறு மில்லி செகண்ட் தாராளமா லேட் ஆகும்.

3. ஆரம்பத்துல பளிச்னு ஒரே ஒரு கைதட்டு. பின்னால ஃபைல்களை ஒட்டும்போது அந்தத் தட்டுதான் அடையாளம்.

4. 44.1-ஆ, 48-ஆ? முதல்லயே பேசி வெச்சுக்கோங்க. (என் தாத்தா கீச்சுக் குரல்ல வாசிச்சதை மறந்துடாதீங்க!)

5. வேவ் ஃபைலா அனுப்புங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புங்க. வாய்ஸ் மெசேஜா அனுப்பினா நெய் தோசை போய் காய்ஞ்ச ரொட்டிதான் போய்ச் சேரும்.

6. பேர். யார் பாடினது, யார் வாசிச்சது, யார் ஜால்ரா தட்டினது... எல்லாப் பேரும். ஃபைல் பேர்லயே போடுங்க, விவரத்துலயும் போடுங்க. ஊரையும் சேர்த்துப் போடுங்க. காசு வந்தா எப்படிப் பிரிக்கிறதுன்னு பாட்டு முடியறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. பாட்டு ஹிட்டான அப்புறம் பேசினா ஃப்ரெண்ட்ஷிப் ஃப்ளாப்!

இந்த ஆறுல அஞ்சைத் தப்பா பண்ணினாலும் திரும்பப் பதிவு பண்ணிக்கலாம். ஆறாவதைத் தப்பா பண்ணினா கஷ்டம். எங்க வீட்ல இப்போ அந்த ஆறு நிமிஷம், மூணு நிமிஷமாயிடுச்சு. அந்த நாலரை நிமிஷத்தைத் திரும்ப வாசிக்க தாத்தாவால முடியாது.

கனடா அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ தம்பி, நானும் கேட்டிருக்கோணும்"ன்னு வருத்தப்பட்டு, எல்லா இடத்துலயும் பேரை மாத்தினார். அந்தக் குட்டி வீடியோக்காரருக்குச் சண்டை போடாம ரெண்டே வரி எழுதினேன். மறுநாளே மாத்திட்டார், நல்ல மனுஷன். இப்ப அந்தப் பாட்டுக்குக் கீழே முதல் வரியில தாத்தா பேர், ஊர் பேர். ரெண்டாவது வரியில 'ஜால்ரா'ன்னு பாட்டி பேர். (பாட்டியோட அலட்டல் தாங்கலை, அது தனிக் கதை!)

'அப்புறம் ஏன் இந்தப் பக்கத்துல தாத்தா பேரைப் போடலை?'ன்னுதானே கேட்கறீங்க? போடவான்னு அவர்கிட்ட கேட்டேன். "பேப்பர்ல எல்லாம் வேணாம்டா. வாசிச்சதுக்குக் கீழ இருக்குல்ல, அது போதும்"னுட்டார்.

சரி, நேரமாச்சு. இன்னைக்கு ராத்திரி உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ பாடுற, வாசிக்கிற ஒரு பெரியவரைப் பதிவு பண்ணுங்க. முதல்ல அவங்க பேரையும் ஊரையும் அவங்க வாயாலேயே சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பாட்டு.

அடுத்த வாரம் பார்ப்போம், மக்களே! செமஸ்டர் டைம் டேபிள் வராம இருந்தா...